சராசரி சொன்ன பொய்: ஒரு விரிவுரைக் கூடத்தை அளந்து பழுது பார்த்த பதிவு

மேல்மாடியில் இருக்கும் அந்த விரிவுரைக் கூடத்தைப் பற்றி வந்த புகார்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். ஏசி குளிர் தாங்க முடியவில்லை என்று ஒரு குறிப்பு. அதே வகுப்பில் புழுக்கம் தாங்கவில்லை என்று இன்னொன்று. மதியத்துக்கு மேல் கண் சொக்குகிறது, பலகையில் வெளிச்சம் அடித்து எழுத்தே தெரியவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் ஆசிரியர் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. எதைச் சொன்னாலும் பராமரிப்புப் பிரிவு செய்தது ஒன்றுதான்: ஏசியை இன்னும் ஒரு டிகிரி குறைத்தது.

நான் ஆய்வகப் பயிற்றுநர். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறைத் திட்டம் வேண்டியிருந்தது. இந்தக் கூடத்தையே எடுத்துக்கொண்டோம். அளப்பது மட்டும் என்றால் அறிக்கை எழுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம். கையால் சரிசெய்ய முடிந்ததை நாமே சரிசெய்வது என்று முதலிலேயே பேசிவைத்தோம். எதைச் செய்தோம், எந்த எண் எப்படி மாறியது என்பதுதான் இந்தப் பதிவு.

கூடம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம். அதாவது 336 கன மீட்டர் காற்று, 70 இருக்கைகள். மேற்கே நீள வாக்கில் ஜன்னல்கள். எதிர்ச்சுவருக்கு அப்பால் தாழ்வாரம். இரண்டு பக்கமும் ஜன்னல், கதவுகளுக்கு மேலே பழைய இரும்புச் சட்ட வென்டிலேட்டர்கள் உண்டு, நடுவில் முளை வைத்துச் சுழலும் வகை. இரண்டு ஸ்ப்ளிட் ஏசி பொருத்தியபோது அவற்றையெல்லாம் மூடி, கண்ணாடிமேல் காகிதம் ஒட்டி, சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கட்டியவர் காற்றுக்காக வைத்த வழி அது. குளிர் வெளியே போய்விடும் என்று அடைத்தாயிற்று.

அளக்கும் பெட்டி

ஒரே மாதிரி ஆறு பெட்டிகள் செய்தோம். உள்ளே இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, கார்பன் டை ஆக்சைடுக்கு எஸ்சிடி41, வெப்பநிலை ஈரப்பதத்துக்கு எஸ்எச்டி31, வெளிச்சத்துக்கு பிஎச்1750, நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்க ஒரு மெமரி கார்டு. சென்சார் மூன்றும் ஒரே ஐ2சி இணைப்பில் ஓடும் என்பதால் வயரிங் நான்கு கம்பியோடு முடிந்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கார்பன் டை ஆக்சைடு மீட்டர்' என்று விற்பதில் பல, அந்த வாயுவை அளப்பதே இல்லை. காற்றில் உள்ள ஆவியாகும் கரிமச் சேர்மங்களை முகர்ந்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். பக்கத்தில் ஒயிட்போர்டு மார்க்கர் மூடியைத் திறந்தால் போதும், எண் மேலே பாயும். உண்மையில் அளப்பவை அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தும். கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை விழுங்கும் என்பதுதான் அடிப்படை. எஸ்சிடி41 அதே விழுங்கலை ஒலியாகக் கேட்டு அளக்கிறது. அதன் துல்லியம் ஏறக்குறைய கூட்டல் கழித்தல் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு), அதோடு அளவில் 5 சதவீதம். வகுப்பறை வேலைக்கு இது தாராளம்.

இந்த சென்சார்களில் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. அவ்வப்போது வெளிக்காற்றைப் பார்ப்போம் என்று நம்பி, தான் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்றின் அளவாக எடுத்துக்கொள்ளும். எப்போதும் ஆள் புழங்கும் மூடிய அறையில் அந்த நம்பிக்கை எண்களைக் கீழே இழுத்துவிடும். அதனால் அதை அணைத்துவிட்டு, பெட்டிகளை மொட்டை மாடியில் வைத்து 420 பிபிஎம் என்று நாமே பதிய வைத்தோம். வெளிக்காற்றில் இப்போது ஏறத்தாழ அவ்வளவு இருக்கிறது. அப்புறம் ஆறையும் ஒரே மேசையில் இரவு முழுக்க வைத்து ஒப்பிட்டோம். எது எவ்வளவு விலகுகிறது என்று அந்தந்தப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டியாயிற்று.

வெப்பநிலை சென்சாரைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. இஎஸ்பி32 தானே சூடாகும், அந்தச் சூடு அப்படியே அளவில் ஏறும். ஒரு சாண் நீள வயரில் வெளியே தொங்கவிட்டோம். மின்சாரத்துக்குப் பவர் பேங்க் வேண்டாம். இந்தப் பெட்டி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. 'எதுவும் இணைக்கப்படவில்லை' என்று நினைத்துப் பல பவர் பேங்க் தானே அணைந்துவிடும். சாதாரண போன் சார்ஜர் போதும்.

ஏழாவதாக ஒரு சின்ன வேலை: ஒரு டேபிள் டென்னிஸ் பந்தில் துளை போட்டு, உள்ளே டிஎஸ்18பி20 வெப்பமானி முனையை நடுவில் நிற்க வைத்து, வெளியே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்தோம். காற்று எவ்வளவு சூடு என்பதை சாதாரண வெப்பமானி சொல்லும். சுவரும் கூரையும் கண்ணாடியும் நம்மேல் வீசும் வெப்பத்தை இந்தக் கறுப்பு உருண்டை சேர்த்துச் சொல்லும். தரமான கருவியில் உருண்டை 150 மில்லிமீட்டர் விட்டம், பந்து 40 மில்லிமீட்டர்தான். சின்ன உருண்டை காற்றின் வெப்பநிலைப் பக்கமே அதிகம் சாயும். எனவே பந்து 3 டிகிரி வித்தியாசம் காட்டினால் நிஜம் அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

பெட்டிகளைச் சுவரில் மாட்டவில்லை. உட்கார்ந்திருப்பவரின் தலை உயரம் 1.1 மீட்டர். அந்த உயரத்தில், பெஞ்சின் முதுகுப் பலகையோடு கேபிள் டை போட்டுக் கட்டினோம், யார் மூச்சும் நேராகப் படாத தூரத்தில். ஏசியின் வெப்பமானி ஏசிக்குள்ளேயே, கூரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே யாரும் உட்கார்ந்து பாடம் கேட்பதில்லை.

ஒலி அளக்க மைக்ரோபோன் வைத்த அன்றே ஒரு மாணவி வந்து நின்றாள். "சார், நாங்க பேசுறதை இது ரெக்கார்ட் பண்ணுமா?" நியாயமான கேள்வி. டெசிபெல் எண்ணை மட்டும் எழுதிவிட்டு ஒலியை அப்போதே தூக்கி எறியும்படிதான் நிரல் இருந்தது. நிரலின் அந்தப் பகுதியை அச்செடுத்துப் பெட்டி மேலேயே ஒட்டினோம்.

எண்கள் என்ன சொல்லின

முதலில் மூச்சுக் காற்று. உட்கார்ந்து கேட்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். 70 பேர் என்றால் 1,260 லிட்டர். காற்றே மாறாத அறையாக இருந்தால் இந்தக் கூடத்தில் ஒரு மணி நேரத்தில் 3,750 பிபிஎம் ஏறும். நாங்கள் கண்டது: ஏசி போட்டு எல்லாம் மூடியிருந்தால் 50 நிமிட வகுப்பு முடியும்போது 2,400. பத்து நிமிட இடைவேளையில் மாணவர்கள் மாறினார்களே தவிரக் காற்று மாறவில்லை. அடுத்த வகுப்பு 2,000இல் தொடங்கி 3,000ஐ ஒட்டிப் போய் நின்றது.

இந்த அளவு விஷம் இல்லை. தொழிலிடங்களுக்கு எட்டு மணி நேர வரம்பே 5,000 பிபிஎம். ஆனால் மற்றவர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் அளவுகோல் இது. மியூனிக்கின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858லேயே 1,000 பிபிஎம் என்ற எல்லையைச் சொல்லிவிட்டார். அவர் கவலையும் வாயுவைப் பற்றியதல்ல, அதோடு சேர்ந்து தேங்கும் மற்றவற்றைப் பற்றியது. இன்றைக்கும் பலரும் பயன்படுத்துவது அந்த எண்ணைத்தான்.

காற்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். வகுப்பு முடிந்து எல்லாரும் போனதும் கதவைச் சாத்திவிட்டு எண் இறங்குவதைப் பார்த்தால் போதும். தொடக்க அளவிலிருந்தும் முடிவு அளவிலிருந்தும் வெளிக்காற்றின் 420ஐக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுத்து, மணிக்கணக்கில் நேரத்தால் வகுக்க வேண்டும். எங்களுக்கு 2,400 அரை மணியில் 1,510 ஆனது. 1,980ஐ 1,090ஆல் வகுத்தால் 1.82, அதன் மடக்கை 0.6, அரை மணியால் வகுத்தால் 1.2. மணிக்கு 1.2 தடவை காற்று மாறுகிறது. ஆளுக்கு விநாடிக்கு 1.6 லிட்டர். அதுவும் கதவிடுக்கு வழியாக வந்தது.

இங்கேதான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். சுவரில் தொங்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுவது குளிர்பதன வாயு, காற்று இல்லை. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மூச்சுத் தேக்கம் குறையாது. தூக்கம் வருகிறது என்ற புகாருக்கு ஏசியைக் குறைத்தது, தூங்குபவருக்குக் கூடவே குளிரையும் கொடுத்ததோடு சரி.

அடுத்தது சௌகரியம். டென்மார்க்கின் ஓலே ஃபேங்கர் 1970இல் தந்த முறையில், ஒருவருக்குக் குளிர்கிறதா சுடுகிறதா என்பதை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பநிலை, சுற்றுப் பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடலின் உழைப்பு, உடுத்தியிருக்கும் துணி. விடை ஓர் எண்ணாக வரும்: கழித்தல் 3 என்றால் கடுங்குளிர், கூட்டல் 3 என்றால் கடுஞ்சூடு, நடுவில் பூஜ்யம். கணக்கு பூஜ்யமாக வந்தாலும் 5 சதவீதம் பேர் அதிருப்தியோடுதான் இருப்பார்கள் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

மாணவர்களிடம் அதே ஏழு படிகளில் வாக்கு கேட்டோம். இரண்டாவது கேள்வியாக, இன்னும் குளிராக வேண்டுமா, சூடாக வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா என்றும். வாக்குச் சீட்டை வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். படியேறி வந்த சூடு அடங்காமல் கேட்டால் எல்லாருக்கும் வேர்க்கத்தான் செய்யும். சீட்டில் பெயர் இல்லை, இருக்கை எண் மட்டும்.

மதிய வகுப்பின் வாக்குகளைக் கூட்டி வகுத்தால் சராசரி ஏறக்குறைய பூஜ்யம். பராமரிப்புப் பிரிவு பார்த்தால், பிரச்சினையே இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிடும். அதே வாக்குகளை இருக்கை வரைபடத்தில் நிறம் போட்டு நிரப்பியதும் படம் வேறாக இருந்தது. ஏசிக்கு நேர் கீழே இரண்டு வரிசை முழுக்க நீலம்: காற்று 21.5 டிகிரி, தலைமேல் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் வீச்சு. ஜன்னல் ஓரம் முழுக்கச் சிவப்பு: காற்று 27, கறுப்புப் பந்து 31. ஜன்னல் கண்ணாடியும், வெயிலைக் குடித்த மேல்தளமும் அந்த இருக்கைகளை அடுப்புப் பக்கம் ஆக்கிவிட்டன. சௌகரியமாக இருந்தது நடுவில் ஒரு பட்டை மட்டும். புகார்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டதில் ஆச்சரியமே இல்லை. எல்லாரும் உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள், ஆளுக்கு ஓர் இருக்கையிலிருந்து.

அன்றிலிருந்து 'கூடத்தின் வெப்பநிலை' என்று யார் சொன்னாலும் எந்த இருக்கையில் என்று கேட்பது எங்கள் குழுவில் வழக்கமாகிவிட்டது.

வென்டிலேட்டர்

அதிக நேரம் பிடித்த வேலை இதுதான், அதிகப் பலன் தந்ததும் இதுதான். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சட்டங்கள். முதலில் காகிதத்தை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தோம். அப்புறம் சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவில் ஓடும் பெயின்ட் கோட்டை வெட்டுக் கத்தியால் சுற்றிலும் அறுக்க வேண்டும். ஒரே இழுப்பில் அறுபடாது. பல அடுக்குப் பெயின்ட், நடுவில் பட்டியும் இருந்தது. அவசரப்பட்டு நெம்பினால் கண்ணாடி போய்விடும். நெம்புவதற்கு முன்னால் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிவிடுவது நல்லது. ஏணியில் ஒருவர், ஏணியைப் பிடிக்க ஒருவர், கண்ணுக்குக் கண்ணாடி. பழைய கட்டடத்தின் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, விழுந்ததையெல்லாம் பிளாஸ்டிக் விரிப்போடு சுருட்டி எடுத்தோம்.

முளைகளில் துரு. துரு தளர்த்தும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விட்டால் பாதி விடுபடும். மறுத்தவற்றை எங்கள் பணிமனையில் இருக்கும் ஃபிட்டர் அண்ணன் பார்த்தார். சட்டத்தை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. முளையின் தலையை விரலால் தடவிவிட்டு, "இது திரும்பாது தம்பி, துளைச்சு எடுத்துருவோம்" என்றார். டிரில் போட்டுப் பழைய முளையை எடுத்துவிட்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட், இரண்டு பக்கமும் நைலான் வாஷர், லாக் நட். நட்டை முழுக்க இறுக்காமல், சட்டம் தானாகச் சாயாத அளவுக்கு மட்டும் இறுக்கினார். அந்த இறுக்கத்தைக் கையால்தான் அறிய முடியும்.

திறக்க நைலான் கயிறு, கீழே கட்ட எட்டு வடிவக் கொக்கி. கயிற்றில் இரண்டு முடிச்சு: ஒன்று கால்வாசித் திறப்பு, இன்னொன்று முழுத் திறப்பு. யாரும் யோசிக்காமல் முடிச்சைக் கொக்கியில் மாட்டினால் போதும். பூச்சி வராமல் உள்பக்கம் வலைச் சட்டம், காந்தப் பட்டையில் ஒட்டிக் கழற்றும்படி. வலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும், தெரிந்தேதான் போட்டோம். கொசு கடித்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள்.

மெல்லிய டிஷ்யூ தாளை நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு திறப்பிலும் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஜன்னல் பக்கத்து நாடா உள்ளே சாய்ந்தது, தாழ்வாரத்துப் பக்கத்து நாடா வெளியே சாய்ந்தது. அறைக்குக் குறுக்கே காற்று ஓடுகிறது. எல்லாம் திறந்து அளந்தபோது மணிக்கு 6 தடவை காற்று மாறியது. அதாவது ஆளுக்கு விநாடிக்கு 8 லிட்டர். நிறைந்த வகுப்பின் முடிவில் கார்பன் டை ஆக்சைடு 1,050ஐ ஒட்டி நின்றது.

மின்விசிறி

விசிறிகள் இருந்தன, சுற்றவும் சுற்றின, ஆனால் காற்று வரவில்லை. வேகம் அளக்கப் போன் கேமராவே போதும். இறக்கை ஒன்றில் வெள்ளை டேப் ஒட்டி, விநாடிக்கு 240 ஃபிரேம் மெதுவசைவில் எடுத்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணலாம். 60 ஃபிரேம் வந்தது, அதாவது நிமிடத்துக்கு 240 சுற்று. இந்த அளவு விசிறி 350ஐத் தாண்ட வேண்டும்.

காரணம் எதிர்பார்த்ததுதான், கன்டென்சர். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும், மல்டிமீட்டரில் வைத்தால் 1.3, 1.6 என்று காட்டியது. உள்ளே இருக்கும் உலோகப் படலம் வருடக்கணக்கில் சூட்டிலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு அளவு குறையும். விசிறி நிற்காது, மெதுவாகிக்கொண்டே போகும். அதனால் யாரும் புகார் எழுதுவதில்லை. மாற்றுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, கன்டென்சரின் இரு முனைகளையும் ஒரு மின்தடை வழியாக இணைத்துச் சார்ஜை இறக்கிவிட்டே தொட வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் கூட இருந்தார். அதே அளவுள்ளதைத்தான் போட வேண்டும். பெரிதாகப் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று சிலர் சொல்வார்கள், மோட்டாரின் கம்பிச்சுருள்தான் சூடாகும்.

மாற்றியபின் ஒரு சுற்றுக்கு 41 ஃபிரேம். நிமிடத்துக்கு 350. இருக்கை உயரத்தில் காற்று வேகம் 0.3இலிருந்து 0.8 மீட்டராக ஏறியது. அந்த வேகம் உடலுக்கு 2, 3 டிகிரி குறைந்த உணர்வைத் தரும். எனவே ஏசியை 22இலிருந்து 26க்கு ஏற்றினோம். நீல வரிசைகளின் குளிர் உடனே தணிந்தது. ஏசியின் வீச்சைக் கூரைப் பக்கம் திருப்ப ஒரு வளைந்த தகடும் மாட்டினோம். ஒரு சில பேருக்கு மட்டும், விசிறிக் காற்றில் தாள் பறக்கிறது என்ற புதுக் குறை.

ஒன்றைத் திறந்தால் ஒன்று வரும்

வென்டிலேட்டர் திறந்ததும் தாழ்வாரத்துப் பேச்சு உள்ளே வந்தது. மூடியிருந்தபோது 46 டெசிபெல், திறந்தபின் இடைவேளை நேரங்களில் 55. ஆள் இல்லாத வகுப்பறையில் 35 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க வகுப்பறைத் தரநிலை சொல்கிறது. இந்தக் கூடம் மூடியிருந்தபோதே அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது.

தாழ்வாரத்துப் பக்கம் ஒவ்வொரு திறப்புக்கும் வெளியே ஒரு பிளைவுட் கூடு அடித்தோம். கூட்டின் உள்சுவரில் 50 மில்லிமீட்டர் ராக்வூல் என்ற கல்பஞ்சு, மேலே துணி. வாய் கீழ்நோக்கி. காற்று வளைந்து போய்விடும். ஒலி வளைகிற இடத்தில் பஞ்சில் மோதி, பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். திறப்பின் பரப்பைவிடக் கூட்டின் வாய் சிறிதாக இருக்கக் கூடாது, இல்லையென்றால் போன வேலையெல்லாம் வீண். 55 என்பது 49 ஆனது. இன்னும் சத்தம்தான். ஆனால் பேச்சின் சொற்கள் புரியாத அளவுக்கு மங்கிவிட்டது. கவனத்தைக் கலைப்பது சத்தத்தின் அளவைவிட, புரிகிற பேச்சு.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் எதிரொலி நேரம், அதாவது ஒலி நின்றபின் அறையில் அது தேய்ந்து அடங்க எடுக்கும் நேரம். பலூனை ஊதி ஊசியால் உடைத்து, போனில் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அது தேய்வதைப் பார்த்தோம். காலி அறையில் 1.8 விநாடி. இந்தக் கணக்கு பிறந்ததே ஒரு பல்கலைக்கழக விரிவுரைக் கூடத்தில்தான். ஹார்வர்டின் ஃபாக் கலைக்கூடத்தில் கட்டிய புது அரங்கில் பேச்சே புரியவில்லை என்று 1895இல் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தார்கள். அங்கே எதிரொலி ஐந்தரை விநாடி. அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஸ்டாப்வாட்சால் அளந்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் என்ற சூத்திரம் அப்படித்தான் வந்தது.

நம் கூடத்துக்கு 336ஐ 0.161ஆல் பெருக்கினால் 54. அதை 1.8ஆல் வகுத்தால் உறிஞ்சும் பரப்பு 30 சதுர மீட்டர். மாணவர்கள் நல்ல உறிஞ்சிகள், ஆளுக்கு அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. நிறைந்த வகுப்பில் 0.9 விநாடி வரும். பின்சுவரிலும் கூரையின் பின்பாதியிலும் 24 சதுர மீட்டருக்கு ராக்வூல் பலகை மாட்டினோம்: மரச் சட்டம், பஞ்சு, பின்னால் கொஞ்சம் இடைவெளி, மேலே பருத்தித் துணி. காலி அறையில் இப்போது 1.1 விநாடி, நிறைந்த வகுப்பில் கணக்குப்படி 0.7. பஞ்சை வெட்டும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை வேண்டும், இல்லையென்றால் இரண்டு நாள் சொறிவீர்கள். முட்டை அட்டை, ஸ்பாஞ்சு மாதிரி சமாசாரங்களைக் கிட்டேயே சேர்க்க வேண்டாம். முட்டை அட்டை ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது, ஸ்பாஞ்சு தீப்பிடித்தால் கொடும்புகை.

நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி போட்டதில் அளவு எதுவும் எடுக்கவில்லை. ஆசிரியர்கள்தான் முதலில் கவனித்தார்கள்.

வெளிச்சத்தில் வேலை கொஞ்சம்தான். ஜன்னல் ஓரம் 2,000 லக்ஸ், உள்சுவர் ஓரம் 120. படிக்கவும் எழுதவும் 300 முதல் 500 வேண்டும். விளக்குகள் எல்லாம் பலகைக்கு இணையான வரிசைகளில் சுவிட்ச் போட்டிருந்ததால், உள்சுவருக்காகப் போட்டால் ஜன்னல் ஓரமும் எரியும். எலக்ட்ரீஷியன் அதை ஜன்னலுக்கு இணையான மூன்று வரிசைகளாகப் பிரித்துக் கொடுத்தார். மேற்கு வெயிலுக்குத் தடித்த திரை போட்டிருந்தது, அது காற்றையும் சேர்த்து அடைத்தது. அதை எடுத்துவிட்டுக் கீழ்ப்பாதிக்கு மட்டும் வெளிர் நிறச் சுருள்திரை. மேல்பாதி வெளிச்சம் கூரையில் பட்டு உள்ளே வருகிறது.

இப்போது ஓடும் முறை

காலை வகுப்புகளுக்கு ஏசி இல்லை. ஜன்னல், வென்டிலேட்டர் முழுத் திறப்பு, விசிறி. கடுமையான வெயில் நாளின் மதியத்தில் ஏசி 26இல், விசிறியோடு, வென்டிலேட்டர் முதல் முடிச்சில். இடைவேளைப் பத்து நிமிடம் எல்லாம் முழுத் திறப்பு. இந்த முறையில் மதிய வகுப்பு முடியும்போது 1,550 வருகிறது. நான் விரும்பிய எண் இல்லை. ஆனால் அடுத்த வகுப்பு 2,000க்குப் பதில் 830இல் தொடங்குகிறது. பழைய 3,000 திரும்ப வரவில்லை. குளிர் கொஞ்சம் வெளியே போகத்தான் செய்கிறது. மின்கணக்குப் பார்ப்பவருக்கு அதைவிட 22க்கும் 26க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினேன், பேச்சு அதோடு நின்றது.

இருக்கை வரைபடத்தில் நீலம் மறைந்துவிட்டது. சிவப்பு மறையவில்லை, ஜன்னல் ஓரம் இளஞ்சிவப்பாக நிற்கிறது. மாலை நேரத்தில் கறுப்புப் பந்து இன்னும் காற்றைவிட 3 டிகிரி கூடத்தான் காட்டுகிறது. அது மேல்தளத்தின் வேலை. கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கிவைத்துக்கொண்டு பல மணி நேரம் கழித்து உள்பக்கம் இறக்கும். மேலே வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடித்தால் குறையும். அதற்கு ஒப்புதல் எங்கள் கையில் இல்லை. இருக்கை வரைபடத்தை இணைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறோம். ஜன்னல் ஓரத்து முதல் நான்கு இருக்கைகளை மட்டும் அதுவரை சுவரிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளிவிட்டோம். நடைபாதை கொஞ்சம் குறுகிவிட்டது.

கயிறு இழுப்பது யார் என்பதில்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று விட்டால் யாரும் இழுப்பதில்லை. இப்போது வருகைப் பதிவேடு எடுத்துவரும் வகுப்புப் பிரதிநிதியின் வேலை அது. கார்பன் டை ஆக்சைடு பெட்டி ஒன்றைக் கூடத்திலேயே நிரந்தரமாக மாட்டி, 1,500ஐத் தாண்டினால் சிறிய மஞ்சள் விளக்கு எரியும்படி வைத்திருக்கிறோம். பஸ்ஸர் வைக்கலாமே என்று மாணவர்கள் கேட்டார்கள், ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். வலைச் சட்டங்களைக் கழற்றிக் கழுவுவது பருவத் தேர்வு முடிந்ததும் என்று அட்டவணையில் ஏற்றியாயிற்று. தூசி படிந்த வலையோடு அளந்தபோது 6 தடவை மாறிய காற்று 4 தடவைதான் மாறியது.